பாப்பாவை மட்டும் அனுப்புங்க: ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை

காலாண்டு லீவில் ஒரு சனிக்கிழமை. காலை பத்தரை மணிக்கு எங்கள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. நான் எதிர்பார்த்தது ஒன்பது வயதுப் பெண் ஒருத்தியை. இறங்கியது அவளும், அவளுடைய ஆயாவும், ஒரு கட்டைப்பையும். ஆயா காசைக் கொடுத்து ஆட்டோவை அனுப்பிவிட்டார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது: இவர் பிள்ளையை விட்டுவிட்டுப் போக வரவில்லை, இருக்கப்போகிறார்.

எங்கள் வீடு கடலூர் புதுப்பாளையம். அவர்கள் வீடு கெடிலம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், திருப்பாப்புலியூரில். எழுதும்போது திருப்பாதிரிப்புலியூர், பேசும்போது யாரும் அவ்வளவு நீட்டுவதில்லை. என் மகளும் அந்தப் பெண்ணும் நாலாம் வகுப்பு, ஒரே வேன். பெயர் எதற்கு, அவர்கள் வீட்டில் கூப்பிடுகிறபடி பாப்பா என்றே வைத்துக்கொள்வோம். ஆயா என்றால் அவளுடைய அம்மாவின் அம்மா. எங்கள் பக்கம் பாட்டியை அப்படித்தான் சொல்வோம். என் மனைவி நர்ஸ், அன்று பகல் ஷிப்ட். நான் வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறவன். ஆகவே விருந்தை ஏற்பாடு செய்தது, சமைத்தது, சொதப்பியது எல்லாம் நான் ஒருவனே.

விபரீதமாக எதுவும் நடந்துவிடவில்லை. யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. ஆனால் சாயங்காலம் அவர்களை அனுப்பிவிட்டு உட்கார்ந்து யோசித்தபோது, பிள்ளையை மட்டும் வீட்டுக்கு அழைப்பதில் எங்கெல்லாம் சறுக்க முடியுமோ அங்கெல்லாம் நான் சறுக்கியிருந்தேன். நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

அழைத்த விதம்

புதன்கிழமை வேனில் என் மகளே கூப்பிட்டுவிட்டாள். "எங்கப்பா பிரியாணி செய்வார், வா" என்பதுதான் அவள் கொடுத்த அழைப்பு. வியாழக்கிழமை நான் பாப்பாவின் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி போட்டேன். அந்த உரையாடல் இன்னும் என் போனில் இருக்கிறது. மொத்தமே ஐந்து வரி:

"சனிக்கிழமை பாப்பாவ மட்டும் அனுப்பி வைங்க. ரெண்டும் நாள் முழுக்க விளையாடட்டும்."

"பாக்கறேங்க சார்."

அரை மணி நேரம் கழித்து: "அக்கா வீட்ல இருப்பாங்களா?"

"அவங்களுக்கு ட்யூட்டி. நான் இருக்கேன், கவலையே படாதீங்க."

பதிலுக்கு ஒரு கும்பிடு எமோஜி.

அனுப்பும்போது எனக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. இப்போது படித்தால் என் இரண்டு வரியிலும் ஒவ்வொரு கோளாறு இருக்கிறது.

முதலாவது, 'மட்டும்'. நம் ஊரில் அழைப்பு என்பது வீட்டுக்குத்தான் போகும், ஆளுக்குப் போகாது. காதுகுத்தானாலும் புதுமனை புகுவிழாவானாலும் பெரியவர் கையில் தட்டைக் கொடுத்து "குடும்பத்தோட வந்துடணும்" என்று சொன்னால்தான் அது அழைப்பு. கல்யாணப் பத்திரிகையில் கணவர் பெயரை மட்டும் எழுதிவிட்டால் பத்து வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவார்கள். அப்படி வளர்ந்த காதில் 'பாப்பாவ மட்டும்' என்பது எப்படி விழும்? 'நீங்க வேணாம்' என்றுதான். நான் நினைத்தது வேறு. அந்த அம்மா வீட்டிலேயே தையல் வேலை பார்ப்பவர், தீபாவளி நெருங்குகிறது, ஜாக்கெட் குவிந்திருக்கும், அவரை ஏன் அலைக்கழிக்க வேண்டும் என்றுதான் அந்த வார்த்தையைப் போட்டேன். அதைச் சொல்லியிருக்கலாம். "உங்களுக்குத் தையல் வேலை இருக்கும்னு தெரியும், இன்னொரு நாள் நீங்க எல்லாரும் வாங்க, இந்த ஒரு நாள் பிள்ளைங்க விளையாடட்டும்" என்று எழுதக் கூடுதலாக ஒரு நிமிடம் ஆகியிருக்குமா?

எங்கள் சின்ன வயதில் இந்தச் சிக்கலே கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தெருப் பிள்ளைகளுக்கு யாரும் அழைப்பு வைத்ததில்லை. விளக்கு வைக்கிற நேரம் வரை யார் வீட்டிலாவது கிடப்போம், அங்கேயே சாப்பிடுவோம், உதையும் அங்கேயே வாங்குவோம். அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், என்ன சமைக்கிறார்கள் என்பது நம் வீட்டுக்குத் தெரியும். இப்போது பிள்ளைகளின் சிநேகிதம் வேனில் உண்டாகிறது. வீட்டுக்கு வீடு ஆறு குறுக்கே ஓடுகிறது. இரண்டு வருஷமாகப் பிள்ளைகள் உயிராக இருக்கிறார்கள். பெற்றோர் பேசிக்கொண்டதோ ஆண்டு விழாவில் ஒரு முறை.

அப்புறம் அவருடைய 'பாக்கறேங்க'. தமிழ்நாட்டில் பிறந்த ஒருவனுக்கு இதற்கு அர்த்தம் சொல்லித் தர வேண்டியதில்லை. கடன் கேட்டவனுக்கு நானே எத்தனை முறை 'பாக்கலாம்' சொல்லியிருப்பேன். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல மனமில்லாதபோது அந்த வார்த்தை வருகிறது. ஆனால் அன்று அதை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். 'பாக்கறேங்க' என்றவரை விட்டுவிட வேண்டும். மறுநாள் "தோதுப்படலன்னா பரவாயில்லம்மா, இன்னொரு நாள் வெச்சுக்கலாம்" என்று நாமே கதவைத் திறந்துவிட வேண்டும். நான் கதவைத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் "காலையில எத்தனை மணிக்கு?" என்று மறுபடி கேட்டு நெருக்கினேன்.

"அக்கா வீட்ல இருப்பாங்களா?"

இந்த ஒரு கேள்விதான் மொத்த விஷயமும். மற்றதெல்லாம் சாப்பாடு, நேரம், மரியாதை, திருத்திக்கொள்ளலாம்.

அவர் கேட்டது என் மனைவியின் ட்யூட்டி பற்றி இல்லை. என் பெண்ணை நாள் முழுக்க விடப்போகிற வீட்டில் இருக்கப்போவது யார் என்று கேட்டார். பெரியவர்கள் எத்தனை பேர், ஆண்கள் எத்தனை பேர், இடையில் யார் வந்து போவார்கள். இதை ஒரு பெண் இன்னொரு வீட்டு ஆணிடம் இதைவிட நாகரிகமாகக் கேட்க முடியாது. நான் கொடுத்த பதிலைப் பாருங்கள்: "நான் இருக்கேன், கவலையே படாதீங்க." அவருடைய கவலையே அதுதான்.

இது எனக்குப் புரிந்தது சாயங்காலம் மனைவி வந்த பிறகு. பகல் முழுக்க நான் உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன். நம்மேல் நம்பிக்கை இல்லாமல்தானே கிழவியை அனுப்பியிருக்கிறார்கள், என்னைப் பார்த்தால் எப்படித் தெரிகிறது என்று. மனைவியிடம் அதைச் சொன்னேன். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "நம்ம பொண்ண இதே மாதிரி அனுப்புவியா நீ?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை.

பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காப்பதற்கான போக்சோ சட்டம் 2012-இல் வந்தது. அதன்கீழ் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் மிகப் பெரும்பாலானவற்றில் குற்றம் சாட்டப்படுபவர் குழந்தைக்கு முன்பே தெரிந்தவர் என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஒவ்வோர் ஆண்டும் அச்சடித்துத் தருகிறது. உறவினர், அக்கம்பக்கத்தார், குடும்ப நண்பர். தோழியின் அப்பா என்கிற ஆள் இந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்பவன் இல்லை. நான் நல்லவன் என்பது எனக்குத் தெரியும். ஆண்டு விழாவில் ஒரு முறை பார்த்த பெண்ணுக்கு எப்படித் தெரியும்? அவர் கேட்டதில் என்னை அவமானப்படுத்துகிற எதுவும் இல்லை என்று ஏற்றுக்கொள்ள எனக்கு இரண்டு நாள் பிடித்தது. பிடித்தது என்பதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் பல அப்பாக்கள் இந்த இடத்தில்தான் முறுக்கிக்கொண்டு "இனி யாரையும் கூப்பிடாதே" என்று பிள்ளைமேல் பாய்கிறார்கள்.

கேள்வி வருவதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். "சனிக்கிழமை நானும் பொண்ணும் மட்டும்தான் இருப்போம், அவங்க நாலு மணிக்குத்தான் வருவாங்க. உங்களுக்கு அது சரிப்படலன்னா அவங்களுக்கு லீவு இருக்கிற நாள்ல வெச்சுக்கலாம்." இவ்வளவுதான். சொன்னால் அவர் கேட்க வேண்டிய சங்கடம் இல்லை. மறுத்தாலும் மறுத்தது என்னை என்று ஆகாது.

சாப்பாடு

காலை எட்டு மணிக்கே கோழியைத் தயிரில் ஊற வைத்துவிட்டேன். சீரகச் சம்பா களைந்து வைத்தாயிற்று. பதினோரு மணிக்குத் தாளிப்பு வாசனை ஹாலுக்குப் போனதும் ஆயா எழுந்து வராண்டாவில் போய் உட்கார்ந்துகொண்டார். காற்றுக்காகப் போகிறார் என்று நினைத்து ஃபேனைக் கூட்டினேன். அப்படி ஒரு மரமண்டை.

பன்னிரண்டரைக்குத் தட்டு வைத்தேன். "எனக்குப் பசியில்ல தம்பி" என்றார் ஆயா. பாப்பா ஆயாவின் முகத்தைப் பார்த்தாள். "எனக்கும் பசிக்கல." என் மகள் விட்டாளா? "பொய்! பிரியாணின்னு சொன்னதுக்குத்தானே வர்றேன்னு சொன்ன!" பாப்பாவின் முகம் சுருங்கிப்போனது. ஆயா அவளைத் திட்டவில்லை. எங்களைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "புரட்டாசி தம்பி. அடுத்த வாரம் தளிகை போடறோம்."

கறி தொடாத புரட்டாசி விரதமும் பெருமாளுக்குத் தளிகைப் படையலும் எங்கள் வீட்டில் பார்ப்பதில்லை. அதற்காகத் தெரியாது என்று சொல்ல முடியுமா? ஐந்தாறு கிலோமீட்டரில் திருவந்திபுரம் தேவநாதசுவாமி கோயில். புரட்டாசிச் சனிக்கிழமை அந்தச் சாலையில் மொட்டைத் தலைகளும் பஸ்ஸுமாக நகர முடியாது. கறிக்கடையில் அன்று காலை கூட்டமே இல்லையே, சீக்கிரம் வேலை முடிந்ததே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு வந்தவன் நான். சைவமா அசைவமா என்று கேட்டிருந்தால்கூடப் போதாது. மற்ற மாதங்களில் அவர்கள் கறி சாப்பிடுகிறவர்கள்தான். "சனிக்கிழமை பிரியாணி செய்யலாம்னு இருக்கேன், பாப்பாவுக்கு ஒத்துக்குமா?" என்று செய்யப்போவதைச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். பிரியாணி என்ற தகவல் பாப்பாவிடம் போய்ச் சேர்ந்தது, வீட்டுக்குப் போகவில்லை. சொன்னால் அனுப்ப மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியாதா என்ன. பிள்ளைகள் மூலம் அனுப்புகிற சேதியில் பிள்ளைகளுக்கு வேண்டியது மட்டும்தான் போய்ச் சேரும்.

கொஞ்சம் சமாளித்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அவசரமாகத் தயிர்சாதம் கிளறலாம் என்று குக்கரை எடுத்தபோது ஆயாவின் கண் குக்கர்மேல் போனது. கறி வைக்கிற குக்கர்தானே அது. ஒன்றும் கேட்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனைச் சைவ ஓட்டலுக்குப் போய் இரண்டு சாப்பாடு பார்சல் வாங்கினேன். கொல்லையில் வாழை நிற்கிறது, இரண்டு இலை அறுத்துக் கழுவிப் போட்டேன். எங்கள் பாத்திரம் எதுவும் நடுவில் வரவில்லை. ஆயா இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாப்பிட உட்கார்ந்தார். "ஒனக்கு எதுக்குப்பா செலவு" என்றார். பாப்பா இரண்டு முறை ரசம் கேட்டு வாங்கினாள். பக்கத்துத் தட்டில் என் மகளுக்கும் பிரியாணி வேண்டாமாம், சாம்பார்சாதம்தான் வேண்டுமாம். அவ்வளவு பிரியாணியையும் அன்று இரவு நாங்களே சாப்பிட்டோம்.

பிள்ளைகளை அழைக்கிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அடுத்த வீட்டில் எதைக் கொடுத்தாலும் முதலில் 'வேணாம்' என்று சொல்லத்தான் நாம் பழக்கியிருக்கிறோம். பெரியவர் பக்கத்தில் இருந்தால் பிள்ளை அவர் கண்ணைப் பார்க்கும். இல்லாவிட்டால் 'வேணாம்' சொல்லிவிட்டுப் பசியோடு உட்கார்ந்திருக்கும். ஒரு தடவை கேட்டுவிட்டு விட்டுவிடக் கூடாது. அதற்காக நாலு கரண்டி தள்ளவும் கூடாது.

கட்டைப்பையில் இருந்தது

சாப்பிட்ட பிறகு பெண்கள் இருவரும் கூடாரம் கட்டுகிறோம் என்று பரணிலிருந்து பழைய ஜமக்காளத்தையும் இலவம்பஞ்சுத் தலையணைகளையும் இழுத்துப் போட்டார்கள். கால் மணி நேரத்தில் பாப்பாவுக்கு இருமல். தண்ணீர் கொடுத்தேன். நிற்கவில்லை, மூச்சில் லேசாக விசில் மாதிரி சத்தம். நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போது ஆயா நிதானமாகக் கட்டைப்பையைத் திறந்தார். துண்டு, மாற்றுடை, எங்களுக்கென்று வாங்கிவந்து கொடுக்க மறந்த முறுக்குப் பாக்கெட், அதற்கடியில் நீல நிற இன்ஹேலர், அதைச் செருகுகிற ஸ்பேசர். குலுக்கினார், ஒரு தடவை அழுத்தினார், பாப்பா ஐந்தாறு மூச்சு இழுத்தாள். மறுபடி ஒன்று. பத்து நிமிடத்தில் அவள் வராண்டாவில் உட்கார்ந்து தாயம் உருட்டிக்கொண்டிருந்தாள்.

ஆயாவுக்கு இது வழக்கமான வேலை. எனக்கு முதுகு வேர்த்துவிட்டது. அந்தப் பையைக் காலையில் பார்த்தபோது நான் நினைத்தது, 'என்னமோ காட்டுக்கு அனுப்புற மாதிரி மூட்டை கட்டி அனுப்பியிருக்காங்க' என்று. ஆயா வராமல் பை மட்டும் வந்திருந்தால் அதில் இன்ஹேலர் இருப்பதே எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் ஸ்பேசரை எந்தப் பக்கம் செருகுவது என்று தெரியாது. அவர்கள் சொல்லவில்லை என்று குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. "பிள்ளைக்கு வீசிங், ஒவ்வாமை, மருந்து ஏதாவது உண்டா?" என்று கேட்கிற பொறுப்பு கூப்பிட்டவனுடையது. பெண் பிள்ளையின் வியாதியைத் தானாக வந்து சொல்ல நம் வீடுகளில் யோசிப்பார்கள். கேட்டால் சொல்வார்கள்.

சில்வர் பீச்

நாலு மணிக்கு நான் "வாங்க, சில்வர் பீச் போய்ட்டு வரலாம்" என்றேன். அந்தக் கடற்கரை இருக்கிற தேவனாம்பட்டினம் எங்கள் தெருவிலிருந்து ஸ்கூட்டரில் பத்து நிமிடம்கூட இல்லை. பெண்கள் குதித்தார்கள்.

"வண்டியில மூணு பேரா?" என்றார் ஆயா.

சட்டப்படி பார்த்தால் அது தப்பு. ஹெல்மெட்டும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு நாலு வயதுக்கு மேல் எல்லாருக்கும் கட்டாயம். என்னிடம் பிள்ளைகளுக்கு இருந்தது ஒன்றுதான். ஆட்டோ வைக்கலாமே என்றேன். அவர் தலையை ஆட்டினார். "கடல் வேணாம் தம்பி. நான் பொறந்ததே தேவனாம்பட்டினம்தான். ரெண்டாயிரத்து நாலுக்கு அப்புறம் நான் அந்தப் பக்கம் போறதில்ல."

சுனாமி வந்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன், வெளியூரில். மேலே எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்கு வரச் சொல்லித்தான் அனுமதி வாங்கியிருந்தேன். வீட்டிலிருந்து வேறு எங்கே கூட்டிப் போவதானாலும், அது தெருமுனைக் கடையானாலும், தனியாகக் கேட்க வேண்டும். ஆயா இல்லாமல் பாப்பா மட்டும் வந்திருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேன். மூவரும் ஈரக் காலோடு வந்து நின்று போட்டோ எடுத்து "பாப்பா செம ஜாலி" என்று அவள் அம்மாவுக்கு அனுப்பியிருப்பேன். அந்தப் போட்டோ அந்த வீட்டில் போய் எப்படி விழுந்திருக்கும்?

போட்டோ பற்றி ஒரு வார்த்தை. வந்த பிள்ளையின் படத்தை அதன் வீட்டுக்கு அனுப்பலாம், ஸ்டேட்டஸில் போடக் கூடாது. இதற்கு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

இரண்டாம் முறை

ஐப்பசி பிறந்து, தீபாவளியும் கழிந்து, மழை ஒரு வாரம் ஓய்ந்திருந்தபோது மறுபடி முயன்றோம். இந்தத் தடவை மனைவிதான் போன் செய்தாள். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் திருப்பாப்புலியூர் போய் அவர்கள் வீட்டில் அரை மணி உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வந்தோம். தையல் மெஷினைச் சுற்றித் துணி மலை. பாப்பாவின் அப்பா சென்னையில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டில் இருப்பாராம். நான் அவரோடு கிரிக்கெட் பேசினேன். ஆயா எங்களைப் பார்த்ததும் "பிரியாணித் தம்பி" என்று சிரித்தார். அந்த அரை மணி நேரம் செய்த வேலையை நான் போட்ட எந்த மெசேஜும் செய்திருக்காது.

மனைவி போனில் சொன்னது இவ்வளவுதான்: "சனிக்கிழமை எனக்கு லீவு, நானும் அவரும் இருப்போம், வேற யாரும் வர்றதில்ல. மூணு மணிக்கு வந்து ஆறு மணிக்குக் கெளம்பட்டும். வெளிய எங்கயும் போகல. டிபனுக்கு ஆப்பம் செய்யறேன். இன்ஹேலர் குடுத்து விடுங்க, எனக்குப் போடத் தெரியும். ஆயாவும் வரணும்னா தாராளமா வரட்டும்." நாள் முழுக்க என்பது மூன்று மணி நேரமாகச் சுருங்கியதில் பிள்ளைகளுக்கு வருத்தம். எனக்கு இல்லை. முதல் தடவை மூன்று மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது என் கட்சி. நாலாவது மணியில்தான் அடிதடி ஆரம்பிக்கும்.

ஆயா வரவில்லை. பாப்பாவின் அம்மாவே ஆட்டோவில் கொண்டுவந்து விட்டார், உள்ளே வந்து தண்ணீர் குடித்தார், ஐந்து நிமிடத்தில் கிளம்பினார். ஆறு மணிக்கு நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று வாயெடுத்தேன். மனைவி முந்திக்கொண்டு "நான் வந்து விடறேன்" என்றாள்.

போன வாரம் பதில் அழைப்பு வந்திருக்கிறது. இந்தச் சனிக்கிழமை என் மகளை அங்கே அனுப்பச் சொல்கிறார்கள். அவள் இப்போதே பை கட்டிவிட்டாள். எனக்கோ ஒரு கேள்வி மட்டும் கேட்க வேண்டியிருந்தது. டைப் செய்தேன், அழித்தேன். மறுபடி டைப் செய்தேன், அழித்தேன். மனைவி எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். கடைசியில், "நீங்க வீட்லதானேம்மா இருப்பீங்க?" என்று அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது: "நானும் ஆயாவும் இருப்போம் சார். அவர் ஞாயித்துக்கிழமைதான் வருவார்."